கருங்குளவிக்கு ஏன் பொம்மை இல்லை

பொம்மைக் கடைக்குப் போனால் மின்னல் இருப்பார். பிளாஸ்டிக் பெட்டிக்குள் மஞ்சள் டிரவுசரும் வெள்ளிப் பூட்ஸுமாக, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் மலைப்பாம்பு இருப்பார். கோடாலிச் சகோதரர்கள் இரண்டு பேரும் ஒரே பெட்டிக்குள் முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு மீன் பண்ணை வைக்கப் போன பனிமனிதன்கூட இருப்பார். கருங்குளவி மட்டும் இருக்க மாட்டார். இவர்கள் அத்தனை பேரிடமும் அடி வாங்கி, இவர்கள் அத்தனை பேரையும் பெரிய ஆளாக்கியவர் அவர்தான்.

ஏன் இல்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பழைய ஆட்டங்களை இப்போது ஃபோனிலேயே பார்க்கலாம். அதன் அடியில் ரசிகர்கள் எழுதுவதை நான் ஒன்று விடாமல் படிப்பேன். முதலாளியைக் கைநீட்டி அடித்துவிட்டார் என்கிறார் ஒருவர். வெளிநாட்டில் ஹோட்டல் நடத்துகிறார் என்கிறார் இன்னொருவர். செத்துப்போய்விட்டார் என்று ஒருவர் எழுத, நிறைய பேர் வந்து வருத்தம் தெரிவித்திருந்தார்கள். அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பரவாயில்லையே, நல்ல கூட்டம்," என்றார். 'அந்த மூஞ்சியைப் பொம்மையாகச் செய்தால் எந்தக் குழந்தையும் தூங்காது' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஒன்றுதான் நியாயமான காரணம் என்றாள் அம்மா.

கருங்குளவி என் அப்பா. உண்மையான காரணம் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. நான் அங்கேதான் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா ஆடியது காட்சி மல்யுத்தம். அந்தத் தொழிலில் யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி முடிவாகிவிடும். டிக்கெட் வாங்குகிறவர்களுக்கும் அது பாதி தெரியும். ஆனால் கோதாவில் நடந்த கதையைத் தெருவிலும் காப்பாற்ற வேண்டும். மேலே எதிரி என்றால் கீழேயும் எதிரி. அப்பாவும் மின்னல் மாமாவும் ஒரே பஸ்ஸில் ஏற மாட்டார்கள். என் பிறந்தநாளுக்கு மாமா தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு பின்பக்கப் படியில்தான் ஏறி வருவார். தொழில்காரர்கள் இதற்குக் 'கதை காப்பது' என்று பேர் வைத்திருந்தார்கள்.

கடைசி ஆட்டத்தில் மின்னல் மாமா மேல்கயிற்றில் ஏறி, அப்பாவின் வலது முழங்காலின் மேல் குதித்தார். 'படக்' என்று ஒரு சத்தம். கடைசி வரிசைவரை கேட்டது. விரிப்புக்கு அடியில் அப்பா சொருகி வைத்திருந்த பழப்பெட்டிப் பலகை முறிந்த சத்தம் அது. அப்பா போட்ட கூச்சலில் முன்வரிசையில் ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாராம். அப்பாவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தபோது, ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே அப்பா ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினார். "அந்தக் கண்ணுலயே ஒரு குத்து விட்டிருக்கணும்," என்று அம்மா இன்னமும் சொல்லுவாள்.

"அடுத்த சீசன்ல குளவி திரும்பி வந்து பழிவாங்குது. செம கூட்டம் சேரும். அதுவரைக்கும் நொண்டிட்டிரு. நான் சொல்றப்ப நிறுத்து," என்றார் முதலாளி.

அடுத்த சீசன் வரவேயில்லை. முதலாளி அரங்கத்தை மரச்சாமான் கிடங்குக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். நிறுத்து என்று சொல்ல ஆளில்லை. அப்பா நொண்டிக்கொண்டே இருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு மாதத்தில் ஊன்றுகோலைத் தூக்கிப் பரண்மேல் போட்டிருப்பார்கள். ஆனால் கோதாவில் கீழே கிடக்கிறவன் எதிராளி சைகை கொடுக்காமல் எழுந்திருக்கவே கூடாது. அவசரப்பட்டு எழுந்தால், மேலேயிருந்து குதிக்கிறவனுக்குக் கழுத்து போய்விடும். நல்ல ஆட்டக்காரன் என்றால் சொல்லும்வரை கிடப்பவன். அப்பா மிக நல்ல ஆட்டக்காரர்.

அதற்குள் நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்துவிட்டோம். கீழே பேக்கரி, அதற்கு மேல் இரண்டாவது மாடியில் நாங்கள். சாமான் வண்டி வந்து நின்ற அன்றே பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்தார். அப்பாவின் காலையும் ஊன்றுகோலையும் பார்த்தார். "அண்ணே, நீங்க உக்காருங்க," என்று ஒரு ஸ்டூலை எடுத்துப்போட்டுவிட்டு, எங்கள் இரும்புக் கட்டிலைத் தன்னந்தனியாக மாடிக்குத் தூக்கிப்போனார். அன்று ஆரம்பித்தது. தண்ணீர் கேன், காஸ் சிலிண்டர், அலமாரி, எது வந்தாலும் "அண்ணே, நீங்க உக்காருங்க" என்று அவரே வருவார். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்தபடி சீட்டுக் கிழிக்கும் வேலையை அப்பாவுக்கு வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். இவ்வளவு ஆன பிறகு ஒருநாள் காலையில் எழுந்து நேராக நடந்தால் எப்படி இருக்கும்? கதையைக் காப்பது போய், அந்தக் கதைதான் எங்களைக் காத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் அப்பா ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு இரண்டு காலாலும் நடப்பார். பல்பு மாற்ற நாற்காலிமேல் ஏறினால், நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் காது கொடுத்துக்கொண்டு நிற்பேன். யாராவது ஏறி வரும் சத்தம் கேட்டால் இருமுவேன். அப்பா ஒரே தாவலில் சோபாவில் வந்து விழுந்து முகத்தைச் சுளித்துக்கொள்வார். "இந்த வீட்டுல எனக்கு எப்பவாச்சும் நிஜமா இருமல் வந்தா என்ன பண்றது?" என்று நான் கேட்டிருக்கிறேன். "தும்மு," என்றார் அப்பா.

கொஞ்ச நாளாக அவருக்கு இடது இடுப்பில் வலி. எல்லாப் பாரத்தையும் ஒரே பக்கம் போட்டு நடந்தால் வேறு என்ன ஆகும்? அம்மா வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டே திட்டுவாள். இன்னொன்றும் அவள் கவனித்திருந்தாள்.

"இப்பல்லாம் வீட்டுக்குள்ளயும் காலை இழுக்கிறீங்க."

"யாரு, நானா? போடி."

"அடுப்படியிலேர்ந்து சோபா வரைக்கும் பாத்துட்டுதானே இருக்கேன்."

"அது செருப்பு வழுக்குது."

"நீங்க செருப்பே போடல."

அப்பா தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இந்த நிலைமையில்தான் முதலாளி வந்து சேர்ந்தார். காரிலிருந்து இறங்கும்போதே "டேய் குளவி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். கூடவே ஒரு இளம்பெண், தோளில் பெரிய பை. பொம்மைக் கம்பெனியில் உருவங்களை வடிவமைப்பவளாம். பொம்மைக்காரப் பெண் என்றே அம்மா கடைசிவரை அவளைக் கூப்பிட்டாள். அப்பா ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசல்வரை நொண்டிப் போய் வரவேற்றார்.

அந்தப் பெண் உட்கார்ந்ததும் பையிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு உருவத்தை எடுத்து மேசையில் நிற்கவைத்தாள். முகம் இன்னும் வரவில்லை. ஆனால் தோளைச் சாய்த்து, முழங்கையை முன்னால் நீட்டி நின்ற விதத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது அப்பா குளவி மாதிரி முழங்கையால் கொட்டப் போகிற நிலை.

"மின்னல் பொம்மை ரொம்ப நல்லாப் போகுது சார். அதனால அடுத்தது ஜோடியா கொண்டுவரோம். 'கடைசி ஆட்டம்'னு பேரு. இவரு ஸ்பெஷல் என்னன்னா..." என்று பொம்மையின் வலது முழங்காலைக் கட்டைவிரலால் அமுக்கினாள். 'படக்' என்று கால் மடங்கித் தொங்கியது. இழுத்துவிட்டாள். மறுபடி நின்றது. "குழந்தைங்க உடைக்கலாம், சேக்கலாம், எத்தனை தடவை வேணா."

அப்பா வாயைத் திறந்தபடி பார்த்தார். "குடும்மா," என்று வாங்கி, படக் என்று உடைத்தார். சேர்த்தார். மறுபடி உடைத்தார். "இங்க பாருடி! சத்தம்கூட வருது!"

"கேக்குது," என்றாள் அம்மா.

"அடுத்த தடவை வரப்ப உங்க உடம்பை ஸ்கேன் பண்ணிக்கிறேன் சார். வலிக்காது, வெறும் வெளிச்சம்தான். காயத்தை நேர்ல பாத்து செஞ்சாத்தான் நல்லா வரும். பெட்டிமேல 'நிஜமாக நடந்தது'ன்னு போடப்போறோம்."

ஃபோன் வந்து அவள் பேசிக்கொண்டே மாடிப்படிப் பக்கம் போனதும் முதலாளி நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டத்தில் வந்தார்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. கம்பெனியில ஒருத்தருக்கும் தெரியாது. பொம்மை விக்கிறவரைக்கும் நீ இப்படியேதான் இருக்கணும். கடை திறப்பு, பிள்ளைங்க விழா, எல்லாத்துக்கும் ஊன்றுகோலோட வரணும். எவனாச்சும் நீ நேரா நடக்கிறதை ஃபோன்ல பிடிச்சான்னா மொத்தமும் காலி. அஞ்சு வருஷத்துக்கு ஒப்பந்தம்."

"அஞ்சு வருஷமா?" என்றாள் அம்மா.

"இவ்வளவு நாள் நொண்டலையாம்மா? இன்னும் கொஞ்சம். கை வந்த கலைதானே."

"கை வந்தா பரவாயில்லையே. கால் போயிருமேன்னுதான் கேக்கிறேன்."

முதலாளி சிரித்து மழுப்பிவிட்டு எழுந்தார். அவர்கள் போன பிறகு வீட்டில் சண்டை. எங்கள் வீட்டுச் சண்டையில் சத்தம் இருக்காது. அம்மா துணி மடிப்பாள், அப்பா அவள் பின்னாலேயே போய்ப் பேசுவார்.

"பதினெட்டு வருஷம் ஊர்ல உள்ளவன் எல்லாரையும் தூக்கி நிறுத்தினேன். பனிமனிதனுக்கு விழவே தெரியாது, நான்தான் அவன் காதுல 'இப்ப இடது பக்கம், இப்ப குனி'ன்னு சொல்லிச் சொல்லி ஜெயிக்க வச்சேன். அவனுக்குப் பொம்மை இருக்கு. கடையில ஒரு மூலையில நானும் நின்னா என்ன தப்பு?"

"பொம்மை நிக்கும். நீங்க நிப்பீங்களா?"

"நடிப்புதானே இது. எப்ப வேணா நிறுத்திருவேன்."

"எங்க, இப்ப நிறுத்துங்க பாப்போம்," என்று அம்மா அவர் காலைக் காட்டினாள். பேச்சு மும்முரத்தில் அப்பா அவள் பின்னால் நொண்டிக்கொண்டே போயிருந்தார்.

அப்பா சட்டென்று நின்றார். "பாப்பா, நீ சொல்லு," என்று என் பக்கம் திரும்பினார். எனக்கு யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. அந்தப் பொம்மை எனக்கும் பிடித்திருந்தது. "பொம்மையோட பனியனுக்கு மஞ்சள் வரியை யாரு தைப்பாங்க?" என்று கேட்டேன். "நல்ல பிள்ளையைப் பெத்து வச்சிருக்கோம்," என்றாள் அம்மா. அத்தோடு சண்டை பாதியில் நின்றது. ஆனால் அப்பா ஒப்பந்தத்துக்குச் சரி என்று ஃபோனில் சொல்லிவிட்டார்.

ஸ்கேன் எடுக்கிற அன்று அம்மா பழைய உடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். கறுப்புப் பனியன், குறுக்கே மஞ்சள் வரி, கறுப்பு டிரவுசர். பக்கவாட்டில் பிரித்துவிட்டும் பத்தவில்லை. ஊக்குப் போட்டுச் சமாளித்தாள். கோபமாக இருந்தாலும் ஊக்கு வெளியே தெரியாமல்தான் குத்தினாள்.

பொம்மைக்காரப் பெண் முன்னறையின் நடுவில் ஒரு வட்டப் பலகையைப் போட்டாள். அது மெதுவாகத் தானே சுற்றும். இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒரு கருவியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஏறி நில்லுங்க சார். கொட்டப் போற மாதிரி. வலது காலை மட்டும் வலிக்காத மாதிரி வச்சுக்குங்க. அசையாதீங்க."

அப்பா ஏறினார். தோளைச் சாய்த்தார். முழங்கையை நீட்டினார். மூக்கு விடைத்தது, கண் சுருங்கியது. சற்றுமுன் ஊக்குக் குத்திவிட்டது என்று முனகிய ஆள் காணாமல் போய், கருங்குளவி எங்கள் முன்னறையில் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மாகூட மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். முதலாளி ஒப்பந்தத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, சோபாவில் சாய்ந்து பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சூப்பர் சார், முடிஞ்சுது. வந்து பாருங்க."

மடிக்கணினித் திரையில் அப்பா சாம்பல் நிறத்தில், ஈரக் களிமண்ணில் பிடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தார். தலைமுடி இல்லை, நிறம் இல்லை, உடுப்பின் வரிகூட இல்லை. வெறும் உடம்பு. அவள் விரலால் நகர்த்த நகர்த்த அது சுற்றியது.

"இதைப் பாருங்களேன். வலது தொடை இடதை விட எவ்வளவு இளைச்சிருக்கு! கெண்டைக்கால் இன்னும் மோசம். பாவம் சார் நீங்க. இதை நான் திருத்தவே போறதில்ல, அப்படியே அச்செடுத்துரலாம். யாராலயும் இதைப் பொய்யா செய்ய முடியாது."

"பாத்தியாம்மா? நம்மகிட்ட போலிங்கிற பேச்சே கிடையாது," என்றார் முதலாளி.

அப்பா திரைக்குக் கிட்டே போனார். "இன்னொரு தடவை சுத்தும்மா," என்றார். அவள் சுற்றினாள். முன்னால், பக்கவாட்டில், பின்னால். பின்னாலிருந்து பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. ஒரு கால் ஒரு ஆளுடையது, இன்னொரு கால் வேறு ஏதோ நோயாளியுடையது. அப்பா குனிந்து, இரண்டு தொடையையும் இரண்டு கையால் அமுக்கிப் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். சந்தையில் பழம் பொறுக்குகிற ஆள் மாதிரி.

"முதலாளி."

"சொல்லுடா."

"நீங்க நிறுத்துன்னு சொல்லவே இல்ல."

"எதை?"

"நான் சொல்றப்ப நிறுத்துன்னீங்க. நானும் இவ்வளவு நாளா கீழயே கிடக்கிறேன். நீங்க சொல்லவே இல்லையே."

முதலாளி அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பேசாம இருடா. அப்புறம் பேசிக்கலாம்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வேணாம். நானே நிறுத்திக்கிறேன்."

ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு அப்பா நடந்தார். நேராக நடக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் வலது கால் தானாக இழுத்தது. சோபாவரை நொண்டியே போய்ச் சேர்ந்தார். முதலாளி முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அப்பா திரும்பிச் சுவருக்குப் போனார். மறுபடி கிளம்பினார். மறுபடி நொண்டினார். நெற்றியெல்லாம் வியர்வை. அம்மா எழுந்து போய் அறையின் அந்தக் கோடியில் நின்றாள். கையை நீட்டவில்லை, வாங்க என்று சொல்லவில்லை, சும்மா நின்றாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மூன்றாம் முறை கிளம்பினார். மெதுவாக, ஆற்றில் கல்மேல் கால்வைப்பது மாதிரி, வலது குதிகாலை முழுசாக ஊன்றி, பாரத்தை அதன்மேல் இறக்கி, அடுத்த காலை எடுத்து... போய்ச் சேர்ந்துவிட்டார்.

"வந்துட்டேன்," என்றார்.

"அதான் தெரியுதே," என்றாள் அம்மா.

பொம்மைக்காரப் பெண்ணின் கண் அப்பாவின் காலிலிருந்து நகரவில்லை. "சார்... கால் உடையவே இல்லையா?"

"இல்லம்மா. பழப்பெட்டிப் பலகைதான் உடைஞ்சுது. மன்னிச்சிரு."

"நல்லாத் தேறிட்டாரும்மா, அதைத்தான் அவர் சொல்ல வராரு..." என்று முதலாளி குறுக்கே பாய்ந்தார். அவள் அவரைக் கவனிக்கவேயில்லை. தொப்பென்று வட்டப் பலகைமேலேயே உட்கார்ந்தாள். பலகை அவளைத் தூக்கிக்கொண்டு மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.

"நான் காலேஜ்ல படிக்கறப்ப அந்த ஆட்டத்துக்கு வந்திருந்தேன் சார். அழுதுட்டே வீட்டுக்குப் போனேன்," என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"யாருக்காக?" என்று அப்பா உடனே கேட்டார்.

"உங்களுக்காகத்தான்." பலகை சுற்றி, அவள் முகம் எங்கள் பக்கம் வந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பாடா, எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? இவ்வளவு நாளா அந்த ஆள் என்ன ஆனாரோன்னு நினைச்சுட்டிருந்தேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். கெட்டவனாக ஆடிய பதினெட்டு வருஷத்தில் அவருக்காக ஒருவர் அழுதது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஆனால் பொம்மைக்காரப் பெண்ணால் ஒன்றும் செய்ய முடியாது. பெட்டியில் 'நிஜமாக நடந்தது' என்று அச்சடித்து முடித்துவிட்டார்கள், அது பொய் என்று தெரிந்தபின் பொம்மைக்கு ஒப்புதல் கொடுத்து அவள் கையெழுத்துப் போட மாட்டாள். அப்பா அந்தச் சாம்பல் உருவத்தை அழித்துவிடச் சொன்னார். ஒரு விரல் தட்டலில் அது போய்விட்டது.

"நாசமாப் போ!" முதலாளி எழுந்து நின்று கத்தினார். "கருங்குளவிங்கிற பேரு என்னுது. அந்த வரி என்னுது. ஜென்மத்துக்கும் உனக்குப் பொம்மை வராது, பாத்துக்க!"

"பேரை வச்சுக்குங்க முதலாளி. காலை நான் வச்சுக்கிறேன்."

இதுதான் காரணம். பேரும் வரியும் முதலாளிக்குச் சொந்தம், உடம்பு அப்பாவுக்குச் சொந்தம். இரண்டும் சேர்ந்தால்தான் பொம்மை. இரண்டும் இனிமேல் சேராது.

முதலாளி படிக்கட்டெல்லாம் அதிர இறங்கிப் போனார். அம்மா சட்டென்று கையை உதறினாள். "அந்த மனுஷன் கீழ போய் தெருவுக்கே கத்திச் சொல்லுவாரு. அதுக்கு முந்தி நீங்க போய்ச் சொல்லிருங்க." யாரிடம் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அப்பா குளவி உடுப்போடேயே இறங்கினார். நானும் பின்னால் போனேன். பேக்கரிக்காரர் அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் இல்லாமல், வரிபோட்ட பனியனில், இரண்டு காலால் உள்ளே வரும் அப்பாவைப் பார்த்ததும் தட்டு கையில் அப்படியே நின்றது.

"அண்ணே, கால்... சரியாயிருச்சா?"

"தம்பி, அது உடையவே இல்ல." அப்பா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

பேக்கரிக்காரர் தட்டைக் கீழே வைத்தார். கையுறையை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"யோவ்," என்றார்.

அண்ணே போய்விட்டது. அப்பாவும் அதைக் கவனித்தார், நானும் கவனித்தேன்.

"யோவ், உன் இரும்புக் கட்டிலை நான் ஒத்தை ஆளா ரெண்டு மாடி தூக்கினேன்யா! திருப்பத்துல மாட்டிக்கிட்டு விரல் நசுங்குச்சு. அப்ப நீ கீழ ஸ்டூல்ல உக்காந்துட்டு 'பாத்து தம்பி, பாத்து பாத்து'ன்னே!"

"அக்கறையாத்தான் சொன்னேன்..."

"வாயை மூடுய்யா! அலமாரிக்குள்ள துணியை எடுக்காமலே தூக்க வச்சே! நான் உனக்காக வேண்டிக்கிட்டேன்யா, கோயில்ல!"

ரொட்டி வாங்க வந்த இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார். பேக்கரிக்காரருக்குத் திட்டுவதற்கு விஷயம் நிறைய இருந்தது. சிலிண்டரில் ஆரம்பித்து தண்ணீர் கேனுக்கு வந்தபோது அடுப்புக்குள் இருந்த அடுத்த தட்டு ரொட்டி கருகிவிட்டது. அதற்கும் சேர்த்துத் திட்டினார். கடைசியில் மூச்சு வாங்கி, "போய்யா முன்னாடி நிக்காம," என்றார்.

அன்று மாலை அம்மா ஜன்னல் திரைகளையெல்லாம் கழற்றித் துவைக்கப் போட்டாள். தெருவில் சிலர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கார் நிறுத்துமிடத்து மேலாளர் மட்டும் நாற்காலியை எடுத்துவிட்டு, "இனிமே நின்னுகிட்டே கிழி," என்றாராம். அப்பா அதைப் பெரிய மரியாதை மாதிரி வந்து சொன்னார். ஆஸ்பத்திரியில் கால்பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா அவரை நடக்கவிட்டுப் பார்த்தார். உருப்படியான கால்தான், சதை திரும்ப ஏறிவிடும், இன்னும் சில வருஷம் இப்படியே விட்டிருந்தால் கஷ்டம் என்றார். "என்ன விபத்து?" என்று கேட்டதற்கு "சொன்னா சிரிப்பீங்க டாக்டர்," என்றாள் அம்மா. சிரிக்கத்தான் செய்தார்.

பேக்கரிக்காரர் மட்டும் பேசவில்லை. அப்பா காலையில் பால் வாங்கப் போகும்போதெல்லாம் கடை வாசலில் நின்று பார்ப்பார். பேக்கரிக்காரர் அவரைக் கவனிக்காத மாதிரி மாவைப் பிசைவார். ஒருநாள் மாவு வண்டி வந்து மூட்டைகளை நடைபாதையில் இறக்கிவிட்டுப் போனது. கிடங்கு அரைமாடி உயரத்தில், படியேறித்தான் போக வேண்டும். அப்பா கேட்கவில்லை, சொல்லவில்லை, போய் ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பேக்கரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். நான் பால் பாத்திரத்தோடு ஓரமாக நின்றேன்.

முதல் படி ஏறினார். இரண்டாவது ஏறினார். அதற்கு மேல் வலது தொடை நடுங்க ஆரம்பித்தது. முழங்கால் டகடகவென்று ஆடியது.

"நடிக்காதய்யா," என்றார் பேக்கரிக்காரர்.

"நடிக்கல தம்பி. நிஜமாவே ஆடுது."

பேக்கரிக்காரர் அந்தக் காலையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கிட்டே வந்து குனிந்து பார்த்தார். ஒரு விரலால் தொடையைத் தொட்டும் பார்த்தார். அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் இரண்டு படி ஏறி, மூட்டையின் பின்பக்கத்துக்குத் தோள் கொடுத்தார்.

"இறக்கு. இறக்குங்கிறேன்ல? முழு மூட்டையைத் தூக்கிட்டு பெரிய இவன் மாதிரி..." என்று பாதி எடையைத் தன் மேல் வாங்கிக்கொண்டு தள்ளினார். "யோவ் அண்ணே, ஏறு. மெதுவா ஏறு. இன்னைக்குப் பாதி மூட்டைதான் உனக்கு. அடுத்த வாரம் வண்டி வரப்ப முக்கால்."

"சரி தம்பி," என்றார் அப்பா, மூட்டைக்கு அடியிலிருந்து.

"பாத்து," என்றார் பேக்கரிக்காரர். "பாத்து பாத்து."